அவர் இல்லாத கப்பல்

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நான் சாத்தான்குளத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகள். எங்கள் அப்பா காலையில் கடைக்குப் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் வீட்டுக்கு வருவான் என்று பார்த்துப் பழகியவள், மாதக்கணக்கில் வராத ஒருவரைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தேன். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். யாரையும் குறை சொல்ல முடியாது.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னொரு கப்பல்காரர் மனைவி அதை என் போனில் போட்டுக் கொடுத்தாள். கப்பல் ஓடினால் வரைபடத்தில் பச்சை அம்பு. நின்றுவிட்டால் வட்டம். கரையை விட்டு ரொம்பத் தள்ளிப் போய்விட்டால் புதிதாக ஒன்றும் காட்டாது; அம்பு பழைய இடத்திலேயே கிடக்கும். அவள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தாள். எனக்கு அதுவே வினையாகிப் போனது. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் பார்ப்பேன். அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்பு அசையாவிட்டால் போதும். கப்பலில் தீப்பிடிக்கும், கொள்ளைக்காரர்கள் ஏறுவார்கள், இவர் இன்ஜின் ரூமில் வழுக்கி விழுவார், எல்லாம் என் தலைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஒருமுறை, இழவுக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பது வரைக்கும் போய்விட்டேன்.

என் மாமியாரோ மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக சீரியல் பார்ப்பார். "ஏளா, கப்பல ஓட்டுதது அவனா, நீயா?" என்று என்னைக் கேட்பார். பெற்ற மனசு இப்படியா கல்லாக இருக்கும் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன தடவை லீவுக்கு வந்தபோது இவர் ஒரு செய்தியோடு வந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இனிமேல் கரையிலேயே இருந்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். இன்ஜின் சத்தம் லேசாக மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிற மனிதர் அவர். அதைச் சொல்லும்போது முகத்தில் களையே இல்லை.

"எனக்காகவா?" என்றேன்.

"பின்ன யாருக்காக? நீ எளைச்சுப் போயில்லா கெடக்க."

மாசக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் பிரியமான வேலையை விடுகிறாரே என்று உறுத்தியது நிஜம். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் நிஜம்.

அந்த மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாளை மீன் குழம்பு வைத்திருந்தேன். இவரும் மாமியாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பரிமாறிவிட்டு உட்கார்ந்து, வழக்கம்போல மடியில் போனை வைத்துப் பார்த்தேன். பச்சை அம்பைக் காணோம். ஏதோ ஒரு கரைக்குக் கொஞ்சம் தள்ளி, கடலில் வட்டம்.

"அய்யோ, கப்பல் நின்னுபோச்சுங்க!"

இவர் சோற்றைப் பிசைந்தபடியே, "எந்தக் கப்பல்?" என்றார்.

"உங்க கப்பல்தான்!"

"ஏளா, நான் இங்கனல்லா இருக்கேன்?"

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியதோ தெரியவில்லை. இவர் இறங்கி வந்த கப்பலில் இப்போது வேறொருவர் வேலை பார்க்கிறார். நானோ லீவு முழுக்க அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. "எதாவது பம்பு மாத்துவானுவ, ஓடிரும்," என்றார் முதலில். பிறகு, "நான் கப்பல்ல இருக்கையில கவலப்பட்ட, சரி. வந்த பெறவும் நீ என்னப் பாக்கலியே. அதத்தானே பாத்துக்கிட்டு இருக்க?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த ஒர்க் ஷாப்பில் கிரேன் இருக்குமே, துறைமுக ரோட்டில் லாரிகள் கண்மண் தெரியாமல் வருமே, இவர் பைக்கில் அல்லவா போக வேண்டும் என்று ஏற்கெனவே எனக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. இவர் கரையில் இருந்தாலும் நான் பயப்பட எதையாவது கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு நிம்மதி வரப்போவதில்லை. இவருக்கு வேலைதான் போகும். ஈரக்கையோடு போய், "நீங்க கப்பலுக்கே போங்க," என்றேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான். ஆனா இந்தத் தடவ கப்பல் பேர எங்கிட்ட சொல்லாதீங்க. அத்தகிட்ட சொல்லிட்டுப் போங்க."

"எங்கிட்ட சொன்னா நான் மறந்துல்லா போவேன்!" என்று உள்ளேயிருந்து மாமியார் சத்தம் போட்டார். கடைசியில் இவர் என் தம்பியிடம் கப்பல் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரங்களில் கை தானாகவே போனுக்குப் போகும். மாமியார் என் முன்னால் உள்ளியைக் கொட்டி உரிக்கச் சொல்லிவிட்டு, டிவியைப் போடுவார். இப்போது எந்த சீரியலில் எந்த மருமகள் யாருக்கு விஷம் வைக்கிறாள் என்பது எனக்கு அத்துபடி. கல் என்று நான் நினைத்த அந்த அம்மாளுக்கும், அன்றைக்கு என்னைக் கேலி பண்ணிவிட்டுப் போகாமல் கேட்க வேண்டியதைக் கேட்ட இவருக்கும் நான் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். காற்று பலமாக அடிக்கிற நாளில் வரத்தான் செய்கிறது. வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது.

போன வாரம் இவர் கப்பலிலிருந்து பேசினார். மாடியில் தகர ஷெட் போட, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஆளிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். அவரும் கத்தினார். "போங்க, உங்ககூடப் பேச்சே இல்ல," என்று போனை வைத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் கடலில் இருக்கும்போது நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டால் என்ற பயத்தில், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் பேசுகிற மாதிரியே இத்தனை வருஷமும் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, அந்த ஷெட்டைப் பற்றி மாமியாரிடம் கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு, படுத்து நன்றாகத் தூங்கினேன்.