கார்டை வைக்கும் முன்

மாத்தளைப் பக்கம் ஒரு பெரிய ஆடைக் கம்பெனியில் நான் கேட் செக்யூரிட்டி. ஒரு பிள்ளை அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்துகொண்டே பட்டமும் படித்தது. படிக்க வைத்தது கம்பெனிதான். வேலை போனால் படிப்பும் போய்விடும். மெலிந்த உடம்பு. பலாபத்வல பஸ்ஸில் வரும்.

தினமும் கேட்டைத் திறக்கும் மெஷினில் கார்டை வைக்கும் முன் கண்ணை மூடிக்கொள்ளும். யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் கார்டைத்தான் நிறுத்துவார்கள். கடிதம் பிறகுதான் வரும். அதோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பிள்ளைக்கு ஒரு காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேட் திறக்கவில்லை.

“பயப்படாம வைங்க தங்கச்சி, மெஷின் கடிக்காது” என்பேன். சிரிக்காது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தது. முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, பழகுறதுக்குன்னு வேற லிஸ்ட் குடுத்திருக்காங்க. நான் தெரியாம கம்பெனிக்கு வந்த நெசமான ஓடர் லிஸ்ட்டை அழிச்சிட்டேன். இன்னும் யாரும் பாக்கல. போய்ச் சொல்லவா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது தங்கச்சி” என்றேன்.

பிறகு, “சொல்லிட்டு வர்றேன்” என்று உள்ளே போனது.

மறுநாள் காலை கேட்டில் நின்று கார்டை என்னிடம் நீட்டியது.

“எங்க பிரிவு சேர் ஒண்ணும் பேசல அண்ணே. வீட்டுக்குப் போன்னு மட்டும் சொன்னாரு. இன்னைக்கு நீங்க வைங்க.”

வைத்தேன். பச்சை எரிந்தது. கார்டைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடியது.

நானும் தினம் அதே மெஷினில் கார்டை வைக்கிறவன்தான். பதினொரு வருசமாக என் கார்டுக்கு எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன்.