விமலேஸ்வரி வீட்டுக்கு வந்த மூன்று அன்ரனாக்கள்

தர்மபுரத்தில் விமலேஸ்வரியின் வீட்டுக் கூரையோடு நின்ற தொலைக்காட்சி அன்ரனாவை ஒரு வியாழக்கிழமை காலை குரங்குகள் முறித்துப் போட்டன. அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவள் வாய் திறக்காமல் புதுக் குழாய் நட்டு, புது அன்ரனா பூட்டினாள். இந்த முறை முற்றத்தில் நெளிந்து கிடந்த கம்பிகளுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். முருங்கை மரத்தில் குந்தியிருந்த பெரிய கடுவன் குரங்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறம்?"

கணவர் செல்வநாயகம் விறாந்தைக்கு வந்து முறிந்த கம்பிகளைப் பார்த்தார். "நான் ஒரு பதினைஞ்சு பேருக்குச் சொன்னனான். நீர் எத்தினை பேருக்குச் சொன்னனீர் எண்டு எனக்குத் தெரியாது."

"கண்ட ஆக்கள் எல்லாருக்கும் சொன்னனான்."

சொல்லாமல் எப்படி இருப்பது? ஞாயிறு காலை பத்து மணிக்கு விமலேஸ்வரி தொலைக்காட்சியில் வரப்போகிறாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தந்தை புங்குடுதீவிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் செல்வநாயகம்தான் லாண்ட்மாஸ்டர் என்று ஊரில் சொல்லும் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வயலில் இறக்கினார். அவருடைய இடது கால் செயற்கைக்கால். இரண்டு சுற்றுப் போவதற்குள் அது சேற்றில் புதைந்து, கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக வரம்பில் வந்து குந்தினார். "இனி நீர்தான் ஓட்டவேணும் போல கிடக்கு," என்று பகிடியாகத்தான் சொன்னார். விமலேஸ்வரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அன்று பொழுது சாய்வதற்குள் அரை ஏக்கர் உழுதாள். அடுத்த போகத்துக்கு மற்றவர்களின் வயலையும் உழுதாள். இரண்டு மாடுகளை விற்றுச் சொந்தமாக ஒரு லாண்ட்மாஸ்டர் வாங்கியபோது, விற்பனைக்காரரை வயலுக்கே கூட்டிவந்து, மூன்று மணித்தியாலம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

அந்தக் காலத்தில் பக்கத்து வாய்க்காலில் வயல் வைத்திருந்த பரமேஸ்வரன் தேநீர்க் கடையில் ஒரு கதை சொன்னார். "பொம்பிளையள் உழுதால் வயலிலை கோலம் போட்ட மாதிரித்தான் இருக்கும்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்று பின்னேரமே விமலேஸ்வரியின் காதுக்கு வந்து சேர்ந்தது. பிறகு பரமேஸ்வரனின் வயலையும் அவளே உழ வேண்டி வந்தது. அவருடைய மகன்தான் வந்து கேட்டான். ஒவ்வொரு போகமும் உழவு முடியும்வரை பரமேஸ்வரன் வரம்பில் நின்று பார்ப்பார். நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார். குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்று கிழமைக்கு முன் தொலைக்காட்சியிலிருந்து பிரஷாந்தினி என்ற பெண் ஒளிப்பதிவாளர்களோடு வந்து, விமலேஸ்வரி உழுவதை இரண்டு நாள் படம் பிடித்துக்கொண்டு போனாள். போன கிழமை தொலைபேசியில் திகதியும் நேரமும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் அழைப்பு.

முறிந்த அன்ரனாவைப் பார்க்க அடுத்த வீட்டுச் சிவதர்சினி வேலியால் எட்டிப் பார்த்தாள். "ஏனக்கா கவலைப்படுறியள்? பரமேஸ்வரன் அண்ணை வீட்டிலை டிஷ் இருக்கு. எல்லாரும் அங்கை போவம்."

"என்ரை படத்தை அந்த மனுசன்ரை வீட்டிலை போய், கையைக் கட்டிக்கொண்டு நிண்டு நான் பாக்கிறதோ?"

"அப்ப போனிலை பாப்பம்."

"நாப்பது பேரும் ஒரு போனுக்குள்ளை தலையை விடுறதோ?"

விமலேஸ்வரி கடுவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இனிக் கூரையிலை ஒண்டும் பூட்டுறேல்லை. வீட்டுக்குள்ளை வைக்கிற அன்ரனா ஒண்டு வாங்குவம். குரங்கு கதவைத் தட்டிப்போட்டு வரட்டும்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பரந்தன் சந்தியால் திரும்பிக் கிளிநொச்சிக்குப் போனாள். சந்தைக்குக் கிட்ட அஸ்வரின் மின்சாதனக் கடை. அஸ்வர் புத்தளத்தில் வளர்ந்து, தந்தையின் ஊரான முல்லைத்தீவுக்குத் திரும்பி, பிறகு கிளிநொச்சியில் கடை போட்டவர். விற்கிற பொருளைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார் என்று பெயர் எடுத்தவர். கடையில் நின்ற விமலேஸ்வரிக்குத் தலை சுற்றியது. தட்டையானது, வட்டமானது, கொம்பு வைத்தது என்று ஒரு சுவர் முழுக்க அன்ரனாப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் 'டிஜிட்டல்' என்று பெரிய எழுத்து. ஒன்றில் இருநூறு மைல் என்று போட்டிருந்தது.

"இருநூறு மைல் எண்டால் கொழும்பே வந்திடுமே தம்பி?"

அஸ்வர் சிரித்தார். "பெட்டியிலை எழுதுறவருக்கு என்னக்கா, பேனைதானே பிடிக்கிறார். உங்களுக்கு இருநூறு மைல் தேவையில்லை. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் கிட்டத்தானே இருக்கு."

"டிஜிட்டல் எண்டு போட்டதுதான் நல்லதோ?"

"அன்ரனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, பழசும் தெரியாது. அது வெறும் கம்பி, அலையைப் பிடிச்சுக் குடுக்கும். பிரிச்சுப் படமாக்கிறது ரீவி. நாளைக்கு எல்லாம் டிஜிட்டலுக்கு மாறினாலும் ரீவிதான் அதுக்கு ஏத்ததா இருக்கவேணும். நீங்கள் பாக்கவேண்டியது, உங்கடை வீட்டிலை, உங்களுக்கு வேண்டிய சனலை எது பிடிக்குது எண்டுறதை மட்டும்தான்."

"அப்ப எது பிடிக்கும்?"

"அதை வீட்டைப் பாக்காமல் நான் சொன்னால் பொய்."

அந்தப் பதில் விமலேஸ்வரிக்குப் பிடித்துக்கொண்டது. லாண்ட்மாஸ்டர் வாங்கிய கதையை அவருக்குச் சொன்னாள். அஸ்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கினார். "மூண்டையும் கொண்டு போய்ப் பாருங்கோ. நல்லதை வச்சுக்கொண்டு மற்ற ரெண்டையும் கொண்டு வாங்கோ. பெட்டியை மட்டும் கிழிச்சுப்போடாதேங்கோ."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முன்னறை வயல் மாதிரி ஆகிவிட்டது. செல்வநாயகம் தொலைக்காட்சிக்கு எதிரே கதிரையில் இருந்து படத்தைப் பார்த்துச் சொல்வார். விமலேஸ்வரி அன்ரனாவோடு அறை முழுக்க நடப்பாள்.

முதலில் கறுப்புத் தாள் போன்ற தட்டை அன்ரனா. சுவரில் ஒட்டியதும் மூன்று அலைவரிசைகள் கண்ணாடி மாதிரி வந்தன. விமலேஸ்வரி கை தட்டினாள். நிகழ்ச்சி வரப்போகிற அலைவரிசைக்கு மாற்றியதும் மணல் கொட்டினாற்போல் ஆனது.

"ஆள் தெரியுதோ?"

"ஆள் இருக்கு. ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு தெரியேல்லை."

இரண்டாவது, மின்சாரத்தில் செருகும் வட்டமான அன்ரனா. அலையைப் பெரிதாக்கித் தருமாம். அது மணலையும் சேர்த்துப் பெரிதாக்கியது. செய்தி வாசித்தவருக்கு இரண்டு மூக்குத் தெரிந்தது. மூன்றாவது, இரண்டு நீட்டுக் கம்பியும் நடுவில் ஒரு வளையமும் வைத்த, மூன்றிலும் மலிவான சாமான். விமலேஸ்வரி அதை நம்பிக்கையில்லாமல்தான் எடுத்தாள். கம்பிகளை முழுக்க இழுத்து விரித்ததும் செல்வநாயகம் கதிரையில் நிமிர்ந்தார்.

"நில்லும்! நில்லும்! ஆள் வந்திட்டுது. பொம்பிளை. பச்சைச் சீலை."

"நல்ல வடிவாத் தெரியுதோ?"

"மழைக்குள்ளை நிக்கிற மாதிரித் தெரியுது."

அவள் அஸ்வருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் விவரம் கேட்டுவிட்டு, "அந்த சனலுக்கு நீட்டுக் கம்பி வேணும் அக்கா, தட்டை பிடிக்காது. இனி இடம்தான் பாக்கவேணும். கோபுரம் உங்களுக்கு எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் வீட்டுக்குள்ளை என்ன நிக்குது?" என்றார்.

விமலேஸ்வரி தென்மேற்குப் பக்கம் திரும்பினாள். அங்கே, யன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு, அவர்களுடைய இரும்பு அலுமாரி நின்றது.

அலுமாரியை அசைக்க ஒரு மணித்தியாலம் போனது. உடுப்பெல்லாம் வெளியே எடுத்து, சிவதர்சினியைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அலுமாரி கிரீச்சிட்டுக்கொண்டு மற்ற மூலைக்குப் போனது. யன்னல் திறந்தது; பின்னால் கிடந்த ஒரு சீப்பும் காணாமல்போன கலியாண அழைப்பிதழ் ஒன்றும் வெளியே வந்தன. அன்ரனாவை யன்னல் நிலையில் வைத்ததும் பச்சைச் சீலைக்காரியின் காதுத் தோடு வரைக்கும் தெரிந்தது. செல்வநாயகம் வெண்கட்டியால் நிலையில் ஒரு கோடு போட்டார். "இதை ஒருதரும் அசைக்கப்படாது," என்றார். சனிக்கிழமை காலையும் மாலையும் போட்டுப் பார்த்தார்கள். படம் அசையவில்லை.

ஞாயிறு ஒன்பது மணிக்கே சனம் வரத் தொடங்கியது. பாய் விரித்து, கதிரை போட்டு, நீட்டு வாங்கு கொண்டுவந்து, அதற்கும் மேல் யன்னலடி, கதவு நிலை எல்லாம் ஆட்கள். சிவதர்சினி குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பரமேஸ்வரன் வந்தார். மினுக்கிப் போட்ட வெள்ளைச் சேட்டு, கையில் குடை. விமலேஸ்வரி அவருக்குச் சொல்லவே இல்லை. ஆனாலும் வாசலுக்கு வந்தவரை, "வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றாள். இருக்க இடம் இருக்கவில்லை. அவர் சனத்தை விலக்கிக்கொண்டு போய் அன்ரனா வைத்திருந்த யன்னலோரம் நின்றார்.

நிகழ்ச்சியின் இசை தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் படம் உடைந்தது. முதலில் கோடு விழுந்தது, பிறகு மணல், பிறகு வெறும் இரைச்சல்.

நாற்பது பேரும் நாற்பது யோசனை சொன்னார்கள். ஒருவர் தொலைக்காட்சியின் முதுகில் தட்டினார். ஒருவர் கரண்டின் மேல் பழி போட்டார். செல்வநாயகத்துக்கு மட்டும்தான் விளங்கியது. "நேற்று இந்த அறைக்குள்ளை ரெண்டு பேர்தான் இருந்தனாங்கள்," என்று சத்தமாகச் சொன்னார். "இண்டைக்குச் சனம் நிறைஞ்சு அலையை மறைக்குது. யன்னலுக்குக் கிட்ட நிக்கிற ஆள் அந்தக் கம்பியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ!"

யன்னலுக்குக் கிட்ட நின்றவர் பரமேஸ்வரன். குடையை வாங்கில் வைத்துவிட்டு, அன்ரனாவை இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேலே பிடித்தார். இரைச்சல் நின்றது. திரையில் தர்மபுரத்து வயல் பளிச்சென்று வந்தது.

"அசையாதேங்கோ அண்ணை! அப்பிடியே நில்லுங்கோ!" என்று அறை முழுக்கக் கத்தியது.

அவர் கொஞ்சம் திரும்பினாலும் படம் ஆடியது. ஆகவே யன்னலைப் பார்த்தபடி, திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் விமலேஸ்வரி தொப்பியும் நீளக்கைச் சேட்டுமாக லாண்ட்மாஸ்டரைத் திருப்பினாள். பாயில் இருந்த பெண்கள் கூவினார்கள். "அக்கா, உந்தத் தொப்பி உங்களுக்கு நல்ல வடிவு!" என்று ஒருத்தி சொன்னாள். தன் குரலைக் கேட்டு விமலேஸ்வரிக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு கட்டைக் குரலோ எனக்கு என்று செல்வநாயகத்தைக் கேட்டாள். "நீர் என்னைக் கூப்பிடேக்கை இதை விடக் கட்டை," என்றார் அவர்.

அடுத்ததாகத் திரையில் பரமேஸ்வரன் வந்தார். அவருடைய வரம்பில், அதே குடையோடு. பிரஷாந்தினி அவரிடம் போய்க் கதைத்தது விமலேஸ்வரிக்குத் தெரியாது.

"முந்தி நான் இவாவைப் பற்றித் தேத்தண்ணிக் கடையிலை பகிடி பண்ணினனான்," என்றார் திரையில் இருந்த பரமேஸ்வரன். "அது பிழை. எங்கடை பக்கத்திலை இவ்வளவு நேராய் உழுற ஆள் ஆம்பிளையளிலும் இல்லை. என்ரை வயலை வேறை ஆள் உழுறதுக்கு நான் விடமாட்டன்."

எல்லாக் கண்களும் திரையிலிருந்து யன்னல் பக்கம் போயின. அங்கே அவர் கையை உயர்த்தியபடி, வெளியில் இருந்த முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

விமலேஸ்வரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடமும் மனதுக்குள் அவரோடு பிடித்த சண்டையில் தான் சொல்ல வைத்திருந்த மறுமொழிகள் எல்லாம் ஒரு நொடியில் தேவையில்லாமல் போய்விட்டன. எழும்பி, ஆட்களின் காலை மிதிக்காமல் நடந்து, யன்னலடிக்குப் போனாள்.

"கை நோகேல்லையே அண்ணை? தாங்கோ, நான் பிடிக்கிறன்."

"வேண்டாம் தங்கச்சி," என்றார் அவர் திரும்பாமல். "நீர் போய் இருந்து பாரும். உம்முடைய படமெல்லோ. முடியுமட்டும் நான் பிடிக்கிறன்."

அவள் போய் இருந்தாள். கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மிச்சப் படத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடமும் பரமேஸ்வரன் அசையவில்லை. நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். "இனிக் கையை இறக்கலாம் அண்ணை!" என்று செல்வநாயகம் சொன்னதும் சிரிப்பு கூரையில் மோதியது. அவரும் சிரித்தார். சிவதர்சினி முதல் தேநீரை அவருக்குத்தான் கொடுத்தாள். கையை இரண்டு தரம் உதறிவிட்டுத்தான் கோப்பையை வாங்கிக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை விமலேஸ்வரி மற்ற இரண்டு அன்ரனாக்களையும் கிழியாத பெட்டிகளில் வைத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனாள். வீட்டில் வைத்துக்கொண்டதற்குப் பத்தடி நீட்டு வயர் ஒன்றும் கேட்டாள். சனம் கூடும் நாளில் அன்ரனாவை யன்னலுக்கு வெளியே, குரங்கு தொடாதபடி கம்பி வலைக்குள் உயரமாக வைக்கலாம் என்பது செல்வநாயகத்தின் யோசனை. அஸ்வர் வயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்கு வந்த ஒரு பெண் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"குறை நினைக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை ரீவியிலை உழுதது நீங்களோ?"

"ஓம்," என்றாள் விமலேஸ்வரி.

"எங்கடை வீட்டிலை புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சது. இப்ப உங்கடை குரலை வச்சுத்தான் ஆளைப் பிடிச்சனான்."

விமலேஸ்வரி அஸ்வரைப் பார்த்தாள். அஸ்வர் சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த பெட்டிகள் பக்கம் கையை நீட்டினார். வயல் வேலை காத்திருந்தாலும், அவள் ஸ்கூட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "உங்கடை வீடு எந்தப் பக்கம்?"