லோஷினியின் முப்பதாம் நாள்

உஷாராணிக்குக் குழந்தை பிறந்து முப்பது நாளாகிறது. இந்த முப்பது நாளும் காது புளித்துப்போகும் அளவுக்கு அவள் கேட்டது ஒரே வார்த்தை. பரவாயில்லை. மலேசியாவில், காப்பார் ஊரில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்வீட்டு ஆன்டி சொன்னார், புருஷன் ராஜனோடு லோரி ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத சொந்தமெல்லாம் சொன்னது. ரெண்டாவதும் பொண்ணா, பரவாயில்லை, அடுத்தது பையனா பாத்துக்கலாம். யாருக்கு ஐயா பரவாயில்லை? இவள் என்ன, யாருடைய காரையாவது இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டா நிற்கிறாள்? மூன்று கிலோ இருநூறு கிராமில், தலை நிறைய முடியோடு, கொட்டாவி விட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறாள்.

ராஜனின் அக்கா இராஜம்மா காஜாங்கிலிருந்து வந்து தங்கி, பத்தியம் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் குறை சொல்லக்கூடாது. சுறாப்புட்டு என்ன, பூண்டுக் குழம்பு என்ன, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பக்குவம் என்ன! கை அவ்வளவு நல்லது, வாய்தான் சரியில்லை. உஷாராணி ஏழு மாதமாக இருந்தபோதே, வயிறு முன்னால் கூம்பியிருக்கிறது, ஆண்பிள்ளைதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ஸ்கேனில் பிள்ளை காலை மடக்கிக்கொண்டிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முப்பதாம் நாள் விசேஷத்துக்குக் கிள்ளானில் ஒரு ஹால் பேசினார். அத்தை முறைக்குப் பிள்ளையின் இடுப்பில் கட்ட, தங்கத்தில் அரைஞாண் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறந்தது லோஷினி. தன் ஜோசியம் பொய்த்ததற்கு இராஜம்மா தன்மேல்தானே கோபப்பட்டிருக்க வேண்டும்? அவரோ ஹாலை வேண்டாமென்று சொல்லிவிட்டார். வீட்டோடு செய்துகொள்ளலாம், ஜனனிக்குத்தான் அப்போதே பெரிசாகச் செய்தாச்சே என்றார். ஜனனி மூத்தவள், ஐந்து வயது. தங்க அரைஞாண் தம்பிக்காரன் வரும்வரை இருக்கட்டும், சின்னவளுக்கு ஜனனியின் பழைய வெள்ளி அரைஞாணே போதும் என்றும் முடிவாயிற்று. இதற்கெல்லாம் ராஜன் சொன்ன பதில், சரி லா அக்கா. அவ்வளவுதான். போர்ட் கிள்ளானில் நாற்பதடி கண்டெய்னரைச் சந்துக்குள் பின்னால் எடுத்து நிறுத்துகிற மனுஷன், அக்கா முன்னால் வாய் திறக்கவில்லை.

 உஷாராணி, தையல் போட்ட உடம்பு, இராஜம்மாவின் ஒத்தாசை இல்லாமல் முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தங்கம் கிடக்கட்டும், அது யாருக்கு வேண்டும்? பெரியவர்கள் பேசுவதையெல்லாம் ஜனனி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே விளையாடினாள். தானும் ஒரு பரவாயில்லைதான் என்று அந்தப் பிஞ்சு மனசில் பதிந்துவிட்டால் அப்புறம் எப்படி அதை எடுப்பது? உஷாராணியின் பயமெல்லாம் அதுதான்.

முப்பதாம் நாள் காலையில் பதினைந்து பேர் வந்தார்கள். கூடத்தில் ஸ்பிரிங் மாட்டி, இராஜம்மா கொண்டுவந்த புடவையில் தொட்டில் கட்டியாயிற்று. ஜனனி பட்டுப்பாவாடையோடு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றாள். எப்படித் தெரியுமா? வாங்க ஆன்டி, பொம்பள புள்ளதான், பரவாயில்லை. வந்தவர்கள் சிரித்தார்கள். என்ன கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். உள்ளே பிள்ளைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த உஷாராணிக்கும் அது காதில் விழுந்தது.

இராஜம்மா வெள்ளி அரைஞாணை மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுத்தார். தங்கத்தில் வாங்கியிருப்பதாகச் சொன்னீர்களே என்று யாரோ கேட்டார்கள். அவர் பதில் சொல்வதற்குள் ஜனனி முந்திக்கொண்டாள்.

"அது தம்பிக்கு. நாங்க ரெண்டு பேரும் பரவாயில்லை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உஷாராணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, அந்தத் தங்கத்த நீங்களே வெச்சுக்குங்க. தம்பி யாரும் வரப்போறதில்ல. எனக்கு ரெண்டு புள்ளைங்க, முடிஞ்சது. இனிமே அந்த வார்த்தைய என் வீட்டுல யார் சொன்னாலும், நீங்களா இருந்தாலும் சரி, இவரா இருந்தாலும் சரி, வாசலோட அனுப்பிருவேன்."

இராஜம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு மாதம் ஆக்கிப்போட்டதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். அதைச் சாகிறவரை மறக்கமாட்டேன், ஆனால் அது வேறு இது வேறு என்றாள் உஷாராணி. எல்லாரும் ராஜனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, உஷா சொல்வது சரிதான் அக்கா என்றான். முப்பது நாளில் அவன் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான். இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைஞாணைக் கட்டினார், பிள்ளையைத் தொட்டிலில் போட்டார், சாப்பிடாமலேயே கிரேப் டாக்சி பிடித்துக் காஜாங்குக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஜனனி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். உஷாராணி பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பொறந்தப்பவும் அத்தை பரவாயில்லைன்னு சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், இருநூறு பேர் கூடிய அந்த ஹாலில், இராஜம்மா இதே வார்த்தையைத்தான் சொன்னார். அடுத்தது பாத்துக்கலாம் அண்ணி என்று உஷாராணியும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"சொன்னாங்க. அப்ப அம்மாவும் சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

ஜனனி தொட்டிலை நிறுத்தினாள். "இன்னைக்கு ஏசுனீங்களே?"

"உனக்கும் சேத்துத்தான் ஏசுனேன்."



"அப்பவே ஏசியிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, ஜனனி மறுபடி தொட்டிலை ஆட்டினாள்.