மாடு தின்ற சத்துமாவு

தொண்ணூறுகளின் தொடக்கம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். நானும் என் மனைவியும் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். எங்களுக்கென்று ஒரே ஒரு கறவை மாடு இருந்தது. மகளுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

ஊர் பால்வாடியில் மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போடுவார்கள். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் குழந்தையை உட்கார வைத்தால் முள் நகரும். அந்த எடையை டீச்சர் ஓர் அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். கோடு மேலே ஏற வேண்டும். என் மகளின் கோடு ஏறவில்லை.

இளைத்த பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்தார்கள். மஞ்சள் வெட்டு, அதாவது கிழங்கு அறுவடை, நடந்த சமயம் அது. மனைவி விடிந்ததும் மஞ்சள் காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பால்வாடியும் தூரம். அதனால் டீச்சர் மாவைப் பையில் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். நான் தோட்டத்து மாடுகளைப் பார்க்கிற ஆள் என்பதால் பிள்ளை என்னோடுதான் இருப்பாள். ஊட்டுகிற வேலையும் என்னுடையதே.

மாவில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கலக்கிக் கொடுத்தேன். கட்டி கட்டியாக இருந்தது. ஒரு வாய் வாங்கித் துப்பினாள். மறுநாளும் துப்பினாள். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீணாகப் போவதை மாட்டுக்குப் போட்டால் பால் கூடும்; பால் கூடினால் பிள்ளைக்குத்தானே நல்லது? தவிட்டுத் தண்ணீரில் கலந்து வைத்தேன். மாடு தொட்டியை நக்கித் துடைத்துவிட்டது.

பால் கூடத்தான் செய்தது. ஆனால் கூடிய பாலும் வழக்கம்போலப் பால் சொசைட்டிக்கே விற்பனைக்குப் போனது. பிள்ளைக்குக் கிடைத்தது டீத்தண்ணியை வெளுக்க வைக்கிற அளவுதான். மனைவி கேட்டால், "மாவு தீந்துபோச்சு" என்பேன். யார் தின்றது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த எடையில் முள் முன்னைவிடக் கீழே நின்றது. இரண்டு நாள் கழித்து டீச்சரே வீட்டுக்கு வந்தார். நான் அப்போது மாவுப் பையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, அது புள்ளைக்குக் குடுத்ததுங்களே?"

"வாயிலயே வெக்க மாட்டேங்குதுங்க டீச்சர். வீணாப் போகுதேன்னு..."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மாட்டின் முதுகைத் தடவியபடி, "எவ்வளவு கறக்குதுங்ணா?" என்றார்.

"காலைல மூணரை லிட்டருங்க, பொழுதோட ரெண்டே முக்காலுங்க." சட்டென்று சொன்னேன்.

"செரிங்க. புள்ள எத்தன கிலோ?"

கூரையை அண்ணாந்து பார்த்தேன். எடை அட்டை கூரையில் செருகியே இருந்தது. ஒருநாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. அந்நேரம் பார்த்து வேலை முடிந்து மனைவி வந்து நின்றாள்.

"தீந்துபோச்சு தீந்துபோச்சுன்னீங்களே, மாடு தின்னுதானுங்களா தீந்துச்சு?"

அவள் அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். டீச்சர் பிள்ளையின் காலைப் பிடித்துக் காட்டினார். "பாருங்ணா, எப்படிக் குச்சியாட்டம் இருக்குதுன்னு. மாட்டுக்குப் புண்ணாக்கு இருக்குது, தவுடு இருக்குது. இவளுக்கு வளர்ற வயசே இதுதானுங்க. இப்ப உட்டுப்போட்டா அப்பறம் புடிக்கறது செரமம்."

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, மீதி மாவில் வெந்நீர் தெளித்து, வெல்லம் நுணுக்கிப் போட்டு, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்துக் காட்டினார். ஒரேயடியாகத் திணிக்காமல் நாலு தரமாகக் கொடுக்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது கட்டி தட்டாமல் கைவிட்டுப் பிசைகிறவன் நான். பிள்ளைக்கு அந்தப் பக்குவம்கூடச் செய்யவில்லை.

மறுநாளிலிருந்து மகள் உருண்டை தின்ற பிறகுதான் பால் கறக்க உட்கார்ந்தேன். அவளோ மாட்டுக்கு ஒரு கிள்ளு கொடுக்காமல் தின்ன மாட்டாள். கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மனைவி மட்டும் தினமும் மாவுப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அடுத்த மாதம் மகளை எடை போட நானே தூக்கிப்போனேன். முள் ஏறியது. அட்டையில் புதுப் புள்ளி பழையதற்கு ஒரு நெல் அளவுதான் மேலே இருந்தது. "இன்னிக்கு எத்தன கிலோங்ணா?" என்று டீச்சர் கேட்டார். தராசைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். மாடுகளும் எத்தனையோ மாறிவிட்டன. இன்றும் யாராவது "மாடு எவ்வளவு கறக்குது?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன், அன்று என்னிடம் பதில் இல்லாமல் போன அந்த இரண்டாவது கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.