சம்பந்தி வாயில சோடா உப்பு

பௌர்ணமிக்கு மலை சுத்த வந்த சம்பந்தி, ஈர நாத்தம் போக நான் ஜன்னல்ல பித்தளைக் கிண்ணத்துல வச்சிருந்த சோடா உப்பைத் திருநீறுன்னு நெனச்சு நெத்தியில பூசி, வாயிலயும் போட்டுக்கிட்டார். "கரிக்குதே"ன்னதும் மருமக எலுமிச்சை ஜூஸ் குடுத்தா. குடிச்சதும் வாயெல்லாம் நுரை!

"அய்யோ அத்தை, எங்கப்பாவுக்கு என்ன விஷத்த வச்சீங்க?"ன்னு கத்தினா. மகனும் மொறைச்சான். நான் அசரல. எல்லார் எதிர்லயும் அதே சோடாவ வாயில போட்டு, மிச்ச ஜூஸைக் குடிச்சேன். எனக்கும் நுரைச்சுது. "ஆப்பத்துல போடுறதுதாம்மா. புளிப்பு பட்டா பொங்கும்"னேன்.

சம்பந்தி ஏப்பம் விட்டு, "மலை சுத்த வயிறு லேசாச்சு சம்பந்தி"ன்னு சிரிச்சார்.

சோடாவுக்குப் பதிலா நாத்தம் போக மகன் வாங்கியாந்த ரூம் ஸ்ப்ரேயை நான் தொடல. சோடாவ இப்ப பழந்துணியில முடிஞ்சு ஜன்னல் கம்பியில கட்டிடுறேன். நாத்தமும் இல்ல, எடுத்து நெத்தியில பூசவும் எவராலயும் ஆகாது.