ரேகை பதியாத தச்சர்

என் சகலை அந்தப் பள்ளிக்கூடத்துத் தச்சர். இருபத்திரண்டு வருடமாக பெஞ்சுக்குக் கால் மாட்டுவதும் கதவுக்குக் கீல் போடுவதும்தான் பிழைப்பு. போன வருடம் ஒவ்வொரு வகுப்புக் கதவையும் சதுரமாக அறுத்துக் கண்ணாடி பதித்ததும் அவர்தான். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்று புது விதி.

அந்த விதியிலேயே இன்னொன்றும் இருந்தது. வேலை பார்க்கிற அத்தனை பேரும் போலீஸ் சரிபார்ப்புக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து இவர் விரலில் ரேகையே இல்லை. இயந்திரம் பத்து விரலையும் மாட்டேன் என்றது.

"அண்ணே, நீங்க பேங்குல கொள்ளையடிச்சாக்கூட பிடிக்க முடியாது போல" என்றார் அலுவலக குமாஸ்தா. சொல்லிவிட்டு ஒரு காகிதத்தையும் நீட்டினார். சரிபார்ப்பு முடியும்வரை, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகுதான் இவர் உள்ளே வரலாம்.

ஒரு நாள் கடைசி மணி அடித்து அரை மணி நேரம் கழித்துப் போனார். வராந்தா காலி. அறிவியல் வாத்தியார் அறைக் கண்ணாடியில் உள்பக்கமாகக் காகிதம் ஒட்டியிருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது. தட்டினார். திறக்க நேரமானது. உள்ளே ஒரே ஒரு மாணவி. பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

"வெயில் கண்ணுல அடிக்குது, அதான் ஒட்டினேன்" என்றார் வாத்தியார்.

அந்த வராந்தாவில் வெயிலே விழாது. கதவு போட்டவருக்குத் தெரியாதா?

நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"நல்ல மனுஷன், சகலை. என் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்தவரு. மெஷின்ல அவருக்குப் பத்து விரலும் சுத்தமா பதிஞ்சிருக்கு. ஒண்ணுமே இல்லாம இருந்துட்டா?"

"இல்லன்னா இல்லன்னு விசாரிச்சு சொல்லட்டும். நீங்க என்ன ஜட்ஜா?"

"அந்தப் பிள்ளை இருக்கும்போது நான் உள்ள இருந்தேனே. என் வேலை?"



மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னார். அந்த அம்மா முதலில் கேட்டது, நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தீர்கள் என்பதைத்தான். பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மாணவியின் பெற்றோரை வரச் சொன்னார். மதியம் இரண்டு கடிதம் போனது. ஒன்று வாத்தியாருக்கு, ஒன்று இவருக்கு. விசாரணை முடியும்வரை வளாகத்துக்குள் வரக் கூடாது.

இப்போது கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அவருக்கும் எனக்கும் ஒரே வரி போட்டிருக்காங்க. நான் சொன்னவன்னு இதுல எங்க இருக்கு?"

நானும் மூன்று தடவை படித்துவிட்டேன். எங்கேயும் இல்லை.

"அது கிடக்கட்டும். கண்ணாடியில இருந்த காகிதத்தக் கிழிச்சாங்களா?"

"தெரியலையே சகலை. போய்ப் பாக்கலாம்னா, உள்ள விட மாட்டாங்களே."