சீக்காளிக்குக் குடிகாரன் மேல்

நான் குடியிருக்கும் வெளிநாட்டு ஊரான அபர்டீனில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. நின்று கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருத்தி இருக்கிறாள்: நரம்பு நோய்ப் பிரிவின் நர்ஸ் ஃபியோனா. எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பே அரித்துவிடுகிற நோய். கால் இழுக்கும், நாக்குக் குழறும், சூடு ஏறினால் கண் மங்கும். மருந்து வேலை செய்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். நான் வாழ்கிறேனா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஃபியோனாவின் கேள்விகள். வாழ்க்கைத் தரத்தை அளக்கிறார்களாம். பொது இடத்தில் உங்கள் நோயால் சங்கடப்பட்டீர்களா? குடும்ப நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள நோய் தடையாக இருந்ததா? 'இல்லவே இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். காரைக்குடியில் யாராவது கேட்டால் "ஏதோ ஓடுது" என்று முடித்துவிட்டு நடையைக் கட்டியிருப்பேன்.

இந்த வைகாசியில்தான் என் தங்கை செல்வியின் மகள் திவ்யாவுக்குக் காரைக்குடியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு சிங்கம்புணரி. பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டிய தாய்மாமன் நான். கிளம்புவதற்கு முன்பே செல்வி போனில் சொல்லிவிட்டாள்: "அண்ணே, அந்தக் கம்ப மட்டும் ஊண்டிக்கிட்டு வந்துராதீக." தங்கை பிள்ளைக்காக ஒரு காலைப்பொழுது கம்பில்லாமல் நடக்க மாட்டோமா என்று நானும் நினைத்துவிட்டேன். மண்டபத்துக்குள் அடுப்படிச் சூடு. திவ்யாவோடு பாதி தூரம் வந்ததுமே இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேடைப் படியில் தடுமாறி, மாப்பிள்ளையின் அப்பா மேலேயே போய் விழுந்தேன். அவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சம்பந்தி, காலங்காத்தாலயே ஏத்திட்டீகளா?"

மண்டபமே சிரித்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் நாக்குக் குழறுகிறது. அதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "ஆமா சம்பந்தி, குளிர் நாட்டுல இருந்து பழகிட்டாக. மனசுல வச்சுக்கிராதீக."

நான் பீரைக்கூட மோந்து பார்த்ததில்லை. தாலி கட்டி முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏத்தா, ஊரு கூடுன இடத்துல என்னயக் குடிகாரனாக்கிட்டியே?"

செல்வி அழுதாள். "குடிகாரன்னா சிரிச்சுட்டு விட்டுருவாக அண்ணே. நரம்புச் சீக்குன்னா, வம்சத்துல இருக்கு, நாளைக்கு இவளுக்கும் வரும்பாக. வச்சு வாழ்வாகளா?" இது அப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்குகிற நோயில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டரா வந்து சிங்கம்புணரியில சொல்லப் போறாரு?" என்றாள். அறைந்துவிடலாம் போலக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதால் அது இன்னும் கூடியது. உண்மையைச் சொன்னால் திவ்யாவின் வாழ்க்கையில் கை வைத்தவனாவேன். குடிகாரனாகவே கூட்டத்துக்குள் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. குடிகாரனுக்கு நம் ஊரில் இத்தனை கவனிப்பு உண்டென்று எனக்குத் தெரியாது. ஒருவர் தோளில் கை போட்டுப் பந்திக்குக் கூட்டிப் போனார். இன்னொருவர் மோரை நீட்டி, "குடிங்க மாமா, தெளிஞ்சிரும்" என்றார். கார் வரைக்கும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வந்தார்கள். அபர்டீனில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மரியாதையானவர்கள், தொட மாட்டார்கள். நோயாளி என்று தெரிந்திருந்தால் அந்தக் கல்யாணக் கூட்டத்தில் எத்தனை பேர் என்னைத் தொட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

இதை எந்தக் கட்டத்தில் அடிப்பது? ஊரிலிருந்து திரும்பியதும் ஃபியோனா கேட்டபோது, "அங்கே எனக்கு நோயே இல்லை. குடிகாரனாக இருந்தேன்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. வாரத்துக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று தொடங்கும் வேறொரு கேள்வித்தாளை எடுத்துவிட்டாள். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவளுடைய தங்கை மகள் சிங்கம்புணரியில் வாழப் போயிருந்தால் தெரியும். இரண்டு கேள்விக்கும் 'இல்லவே இல்லை' என்று அடித்துக் கொடுத்தேன். போன முறையைவிட என் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருப்பதாக வாழ்த்தினாள். நன்றி சொல்லிவிட்டு மழையில் வீட்டுக்கு வந்தேன்.

மாசியில் திவ்யாவுக்கு வளைகாப்பு. சம்பந்தியே போன் செய்தார். "தாய்மாமன் இல்லாம நடக்காது, வந்துருங்க. வெறுங்கையோட மட்டும் வந்துராதீக" என்று சிரித்தார். பாசமான மனிதர்தான், அதுதான் தாங்கவில்லை. வழியில் விமான நிலையக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். எது நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. திருச்சியில் விமான நிலைய ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளி வந்தார். வெளிவாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வியும் சம்பந்தியும் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அவர்கள் இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

"இங்கயே நிப்பாட்டுங்க" என்றேன்.

"கார் வரைக்கும் கொண்டாந்து விட்டுர்றேன் சார். உங்களால நடக்க முடியாது."

"நடக்க முடியாதுன்னு அவுகளுக்குத் தெரியக் கூடாதுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தூணைப் பிடித்து எழுந்தேன். கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. எல்லோருக்கும் தெரியும்படி பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தள்ளாடியபடி என் ஊருக்குள் நுழைந்தேன்.